நாற்பத்தோராம் பக்கம்

முதல் வரிசையில் முதலாவதாக வந்து நின்ற படத்தில் புடவையே இல்லை.

திலகவதி ‘அரக்கு, மயில் பார்டர்’ என்று தட்டியது ஒரு சோதனைக்காகத்தான். மாலை ஐந்தரை. கார்த்திகை மழை மத்தியானத்திலிருந்து விடாமல் பெய்து, ஆரணிப் பட்டுக்கடையின் மாடியறைச் சுவரில் இடுப்பளவுக்கு ஈரம் ஏறி, அட்டைப் பெட்டிகளின் ஊறல் வாடையும் பாச்சை உருண்டை வாடையும் கலந்து, மூச்சை இழுத்தால் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் போலிருந்தது. கணினித் திரையில் அரக்குப் புடவைகள் வரிசையாக இறங்கின. அவற்றுக்கெல்லாம் முன்னால், விலையும் இல்லாமல் சரக்கு எண்ணும் இல்லாமல், ஒரு பெண்ணின் இரண்டு கைகள். முகம் படத்துக்கு வெளியே. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முதல் கணு வரை சாம்பல் பூசி வெளுத்திருந்தன. இடது பக்கம் சிவப்புப் பட்டிழைகள். வலது பக்கம் இருட்டு.

படத்தின் கீழே சிறிய எழுத்தில்: சேர்த்தது, 2 நிமிடங்களுக்கு முன்பு.

கடையின் இணையதளத்தில் படம் சேர்ப்பதற்கான கடவுச்சொல் ஒருத்தியிடம்தான் இருந்தது. அந்த ஒருத்தி கடந்த அரை மணி நேரமாக ஆறிப்போன டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அழித்தாள். போய்விட்டது. எங்கோ பாதியில் தேங்கிய பழைய படம் இப்போது வந்து ஏறியிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்தக் கைகள் யாருடையவை என்று மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை.

திலகவதி சேவூர் தறிக்காரர் எல்லப்பனின் மகள். அவர்கள் தெருவில் பொறியியல் படித்த முதல் ஆள். பட்டத்தை வைத்துக்கொண்டு சென்னையில் எட்டு மாதம் அலைந்துவிட்டுத் திரும்பி வந்தபோது, எல்லப்பனுக்கு நீளவாட்டுப் பாவு இழையும் குறுக்கே ஓடும் ஊடை இழையும் கொடுத்து நெய்து வாங்கும் கடை முதலாளி பரசுராமன்தான் கூப்பிட்டு இந்த மாடியறையைக் கொடுத்தார். வெளியூர் வாடிக்கையாளர் வந்தால், “நம்ம தறிக்காரரு பொண்ணு, கம்ப்யூட்டர் எல்லாம் இவதான்” என்று அவளைக் காட்டுவார், முந்தானையை விரித்துக் காட்டும் அதே கையசைப்போடு.

தளத்தின் தேடும் பகுதியை எழுதியது அவள். அதில் மந்திரம் ஒன்றும் கிடையாது. கீழே விற்பனையில் இருக்கும் சுபத்ராக்கா பேசிக்கொண்டே செய்வதைத்தான் அதுவும் செய்தது. மாம்பழக் கலரில் மயில் பார்டர் வேண்டும் என்று ஒருவர் கேட்கிறார். கேட்டதை மட்டும் பார்த்தால், நாலு வருடம் முன்பு விற்றுத் தீர்ந்த புடவையைத்தான் சொல்ல வேண்டும். புதுசை மட்டும் பார்த்தால், இன்று காலை வந்திறங்கிய பச்சையை விரிக்க வேண்டும். கேட்டதற்கு எவ்வளவு பொருந்துகிறது என்று ஒரு மதிப்பெண். எவ்வளவு புதியது என்று ஒரு மதிப்பெண். இரண்டையும் எந்த அளவில் கலப்பது என்பதுதான் மொத்த வேலையும். பொருத்தத்துக்கு எழுபது, புதுமைக்கு முப்பது என்று அவள் வைத்திருந்தாள். பத்து நாளைக்கொரு முறை ஒவ்வொரு பக்கத்தின் புதுமையும் பாதியாகத் தேயும். அந்த எண்களுக்கு வந்து சேர அவளுக்கு ஒரு மாதம் பிடித்தது. படித்த படிப்புக்கு உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

இருபத்தாறு நாள் முன்பு அதை அவளே கெடுத்தாள்.

பாஞ்சாலை செத்த மறுநாள் அது. பாஞ்சாலை பாவு பிணைக்கிறவள். தறியில் ஒரு பாவு நெய்து முடியும்போது அதன் கடைசி நுனிகள், இழைகளைத் தூக்கி இறக்கும் விழுதுக்குள் கோத்தபடியே நிற்கும். புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் அந்தப் பழைய நுனி ஒவ்வொன்றோடும் சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு, முடிச்சே இல்லாமல் முறுக்கி ஒட்ட வேண்டும். நாலாயிரத்துச் சொச்சம் இழை. பரசுராமனின் தறிகள் எங்கெல்லாம் இருந்தனவோ அங்கெல்லாம் பதினோரு வருடமாக அவள்தான் போய்ப் பிணைத்தாள். எல்லப்பன் வீட்டுத் தறிக்கும் அவள்தான். தீபாவளி நேரத்தில், கடையின் கீழ்த்தளத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் வாடிக்கையாளர்கள் நின்று படம் எடுத்துக்கொள்வதற்காக வைத்த தறிக்குப் பாவு பிணைக்க வந்தாள். தறியைச் சுற்றி அலங்கார விளக்குச் சரம் சுற்றியிருந்தது. சுவரிலிருந்து மழைத்தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. பாதிப் பாவு பிணைத்திருந்தபோது மின்சாரம் அவளைப் பிடித்தது.

பரசுராமனின் ஆட்கள் அவளைப் பின்வழியாகத் தூக்கிக்கொண்டுபோய்த் தெருவில் மின்கம்பத்தின் அடியில் கிடத்தினார்கள். கேட்டவர்களிடம், “எங்க ஆளே இல்லீங்க. மழைக்கு ஒதுங்கினா போல” என்றார் பரசுராமன். கூலியைக் கையில் கொடுத்துத்தான் வழக்கம். சீட்டு கிடையாது, பதிவு கிடையாது. பாஞ்சாலை அந்தக் கடையில் வேலை செய்தாள் என்பதற்கு உலகத்தில் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. அன்று காலை திலகவதி கைபேசியில் எடுத்து உடனே தளத்தில் ஏற்றிய ஒரு நிமிட வீடியோ. ‘எங்கள் தறியில் பாவு பிணைக்கும் பாஞ்சாலை.’ தேதியோடு.

“அழிக்கக் கூடாதுன்றாரு வக்கீலு” என்றார் பரசுராமன் மறுநாள். “பின்னால தெரிஞ்சா பெரிய பேஜாராயிடுமாம். அது பாட்டுக்கு இருக்கட்டும். ஆனா எவன் தேடினாலும் கெடைக்கக் கூடாது. உன்னால ஆவுமா, ஆவாதா?”

ஆகும். படித்தவளாயிற்றே. பொருத்தத்துக்கு ஐந்து, புதுமைக்குத் தொண்ணூற்றைந்து. மூன்று நாளைக்கொரு முறை பாதி தேய்வு. அவ்வளவுதான். இரண்டு வரி. ஒரு நாளைக்கு நாற்பது புடவை புதிதாக ஏறும் தளத்தில் பாஞ்சாலை தினமும் ஒன்றரைப் பக்கம் வீதம் கீழே இறங்கினாள். அவள் பெயரைத் தட்டினால் புடவை வந்தது. புடவைக்குப் பின்னால் புடவை. அதற்கும் பின்னால் புடவை. இன்றைக்கு அவள் நாற்பத்தோராம் பக்கத்தில் இருந்தாள். மூன்றாம் பக்கத்தைத் தாண்டுகிறவர்கள் உலகத்தில் கிடையாது. பொணத்தைக் கிணற்றில் போட்டால் நாறும், இதில் நாற்றம்கூட வராது.

‘பச்சை, கட்டம்’ என்று தட்டினாள், மனசை மாற்றுவதற்கு.

முதல் படம். கைகள்.

சேர்த்தது, 1 நிமிடத்துக்கு முன்பு.

இந்த முறை கைகள் சற்று வலப்பக்கமாக நகர்ந்திருந்தன. முன்பு இருட்டு என்று நினைத்தது இருட்டல்ல. கறுப்பு இழைகள். நீளமாக, பளபளப்பாக, ஒரு கற்றை. வெளுத்த இரண்டு விரல்கள் ஒரு சிவப்பு நுனியையும் ஒரு கறுப்பு நுனியையும் சேர்த்துப் பிடித்திருந்தன. படம் எடுத்த கோணம் அவளுக்குத் தெரியும். கண்ணாடிக் கூண்டின் இடது மூலை. அன்று அவள் நின்ற இடம்.

எழுந்து கீழே போனாள். போகாமல் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

கீழ்த்தளத்தில் குழல்விளக்குகள் எரிந்தன. மழையில் கூட்டமில்லை. விரித்த புடவைகளை மடித்துக்கொண்டிருந்த சுபத்ராக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

“எங்கடி போற அந்தப் பக்கம்?”

“தறியப் பாக்கணும்க்கா. ஒரு போட்டோ.”

“போட்டோ எடுக்க வேற தறியே கெடைக்கலயா ஊருல? சும்மா கெட.” குரலைத் தாழ்த்தினாள். “அத முடிக்கச் சொல்லி முதலாளி நாலு பேர கூட்டியாந்தாரு. ஒருத்தியும் கை வெக்க மாட்டேன்னுட்டாளுங்க.”

“ஏன்?”

“தறிக்காரன் பொண்ணு நீ, என்னக் கேக்கற. ஒருத்தி தொட்ட பிணைப்ப இன்னொருத்தி முடிக்க மாட்டா. அவ முறுக்கு வேற, இவ முறுக்கு வேற. நடுவுல அறுந்துடும். ஆரம்பிச்சவதான் வந்து முடிக்கணும்.” சொல்லிவிட்டுச் சுபத்ராக்காவே கூண்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு, “படிச்சவங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போவுது” என்று புடவையை ஒரு தட்டுத் தட்டினாள்.

கண்ணாடிக் கூண்டின் கதவு பூட்டியிருந்தது. தறிமேல் வெள்ளை வேட்டி ஒன்றைப் போர்த்தியிருந்தார்கள். விளக்குச் சரம் இல்லை, அது சுற்றியிருந்த இடத்தில் மரத்தில் ஒரு கரிக்கோடு. வேட்டியின் ஒரு மூலை விலகியிருந்தது. திலகவதி கண்ணாடியில் நெற்றியை ஒட்டவைத்துப் பார்த்தாள். ஈரமரத்தின் வாடை, அதற்கடியில் கருகிய ஒயரின் வாடை, இருபத்தாறு நாளாகியும் போகாமல். பாஞ்சாலை நிறுத்திய இடம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. சரியாகப் பாதி. மறுபாதியில் பழைய சிவப்பு நுனிகள் எதுவும் ஒட்டாமல், அறுந்த நரம்புகள் போல, சும்மா தொங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

தொங்கவில்லை. விறைப்பாக நின்றன. பாதியைத் தாண்டி ஒரு சாண் அகலத்துக்கு, ஒவ்வொரு சிவப்பு நுனியிலும் ஏதோ கறுப்பாக ஒட்டியிருந்தது. அது எங்கிருந்து வருகிறது என்பதை வேட்டி மறைத்திருந்தது.

பின்னலை யாரோ லேசாக இழுத்ததுபோல் இருந்தது. திரும்பினாள். சுபத்ராக்கா இருபதடி தள்ளி முதுகைக் காட்டிக்கொண்டு மடித்துக்கொண்டிருந்தாள். கதவுத் தாழ்ப்பாளில் மாட்டியிருக்கும். ஆனால் தாழ்ப்பாள் இவளுக்கு முன்னால் அல்லவா இருந்தது.

மாடிக்கு வந்தபோது கைபேசி அடித்துக்கொண்டிருந்தது.

“அக்கா, பவித்ரா பேசறேங்க. பாஞ்சாலை பொண்ணு.”

“சொல்லு.”

“நாளைக்குப் பதினோரு மணிக்கு லேபர் ஆபீசர் கடைக்கு வராருக்கா. மனுவுல எழுதியிருந்தேன், அம்மா வீடியோ உங்க சைட்ல இருக்குதுன்னு. பக்கத்து வீட்டுப் பையன் போன்ல நானே பாத்தேன்க்கா, தீபாவளிக்கு முன்னால. இப்போ பேர் போட்டா புடவையா வருது.”

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

“பதினேழாவது பக்கம் வரைக்கும் தள்ளிகினே போனேன்க்கா. அப்புறம் நெட்டு தீந்துபோச்சு. ஆபீசரு சொல்ட்டாரு, நாளைக்கு அவர் முன்னால தேடிக் காட்டலன்னா பைல மூடிடுவாராம். எங்க அம்மா வேலையே செய்யலன்னு எழுதிடுவாங்களாம். பதினோரு வருசங்க்கா. நீங்கதான எடுத்தீங்க அத. எந்தப் பக்கத்துல கீதுன்னு மட்டும் சொல்லுங்க.”

ஒரு எண். அவ்வளவுதான் அவள் கேட்டது.

“சர்வர்ல பிரச்சன பவித்ரா. பாக்கறேன்.”

“சரிங்க்கா. பாருங்க்கா.” நம்பிவிட்டாள். அதுதான் அசிங்கமாக இருந்தது.

ஏழு மணிக்குப் பரசுராமன் மாடி ஏறி வந்தார். குடையை உதறி வாசலில் சாத்திவிட்டு நேராகத் திரைக்கு வந்தார். திலகவதி மறைப்பதற்குள் பார்த்துவிட்டார். திரையில் கைகள்.

“இது இன்னாம்மா?”

“நான் போடலைங்க.”

“நல்லாத்தான் கீது” என்றார், குனிந்து. “யாரு கை இது? தறிக்காரங்க கைன்னு பாத்தாலே தெரியுது. கஸ்டமருக்கு இதுதான் வேணும். மேலயே இருக்கட்டும்.” பதினோரு வருடம் தன் தறிகளில் வேலை செய்த கைகளைச் சொந்தக் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நெற்றியைச் சுருக்கினார். “ஆனா கறுப்புப் பாவு எப்ப போட்டோம் நாம? கல்யாணத்துக்கு எவ கறுப்பு கட்டுவா?”

அவள் படத்தை மூடினாள்.

“நாளைக்கு ஆபீசரு உன் எதிர்லதான் உக்காருவாரு. அவரே பேரைப் போட்டுத் தேடுவாரு. ஒரு பக்கம் இல்ல, நூறு பக்கம் தள்ளினாலும் வரக் கூடாது. இன்னும் இறக்கிடு. இறக்கிட்டு ஜல்தியா கெளம்பு, மழ வலுக்குது.” வாசலில் நின்று குடையை எடுத்தார். “உங்கப்பன் தறியில பாவு தீந்துபோச்சாமே. நாளைக்கு மத்தியானம் வந்து புதுசு வாங்கிக்கச் சொல்லு. மத்தியானம்.”

காலையில் இல்லை. பதினோரு மணிக்குப் பிறகு. அவள் என்ன செய்கிறாள் என்று பார்த்த பிறகு.

அவர் இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் சுபத்ராக்கா கீழேயிருந்து, “நான் போறேன்டி, ஷட்டர பாதி இறக்கி வெச்சிருக்கேன், வரப்ப மிச்சத்த இழுத்துடு” என்று கத்தினாள். செருப்புச் சத்தம். ஷட்டரின் சத்தம். அப்புறம் மழை மட்டும்.

திலகவதி எண்கள் இருக்கும் பக்கத்தைத் திறந்தாள். பொருத்தம் ஐந்து. புதுமை தொண்ணூற்றைந்து. பக்கத்திலேயே பழைய எண்களை அவள் குறித்து வைத்திருந்தாள். எழுபது, முப்பது. மாற்றிச் சேமித்தால் போதும். காலையில் ஆபீசர் பெயரைத் தட்டுவார், முதல் வரிசையில் பாஞ்சாலை வந்து உட்கார்ந்திருப்பாள். அப்பாவுக்குப் பாவு கிடைக்காது. வேறு முதலாளி யாரும் கொடுக்கமாட்டார்கள், சொல்லி வைத்துவிடுவார். இருபத்தாறு நாளாக இந்தக் காரணத்தைத்தான் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். நல்ல காரணம். யாரிடம் சொன்னாலும் தலையாட்டுவார்கள்.

அது பொய். முழுப் பொய் இல்லை, ஆனால் பொய்.

வீடியோவின் கடைசிப் பத்து விநாடியை அவள் வெட்டாமல் ஏற்றியிருந்தாள். அவசரத்தில் செய்த தப்பு. முதலில் பாஞ்சாலையின் சிரிப்பு. “இன்னா முடி பாப்பா உனக்கு. ஒரு பாவுக்கு ஆவும் போல.” பிறகு கையை உதறிக்கொண்டு, “இந்த லைட்டு ஒயரு சுர்ருன்னுது பாரு. தண்ணி வேற. கழட்டிடேன் பாப்பா.”

பிறகு திரைக்கு வெளியேயிருந்து ஒரு குரல். படித்த குரல். “வீடியோல அழகா இருக்கும்க்கா. இருக்கட்டும். ரெண்டு நிமிசம், போன் சார்ஜ் போட்டுட்டு வந்துடறேன்.”

ரெண்டு நிமிடம் பன்னிரண்டு நிமிடமானது. மாடியில் இதே நாற்காலியில் உட்கார்ந்து எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஆபீசர் அந்த வீடியோவைக் கடைசி வரைக்கும் பார்ப்பார்.

விரல்கள் எண்களின்மேல் நின்றன. எழுபது என்று அடித்தாள். பார்த்தாள். அழித்தாள். வேகமாக, யோசிப்பதற்கு முன்னால், பொருத்தத்துக்குப் பூஜ்யம் போட்டாள். புதுமைக்கு நூறு. இனி யார் எதைக் கேட்டாலும் கேட்டது கணக்கிலேயே வராது. ஆகப் புதியது எதுவோ அது மட்டும் மேலே. பாஞ்சாலை என்று தட்டினாலும் ஒன்றுதான், தட்டாவிட்டாலும் ஒன்றுதான்.

சேமித்தாள்.

மின்விசிறி நின்றது. விளக்கு போனது. தெருவும் இருட்டானது. மேசைக்கடியில் பேட்டரி பீப் என்றது, திரை மட்டும் நீல வெளிச்சத்தோடு உயிரோடிருந்தது. மழைக்கு மின்சாரம் போவது ஆரணியில் புதுசா. கைபேசி கையில் இருந்தது. எழுந்து போய்விடலாம். எண் நின்றதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம்.

தேடும் பெட்டியில் எதையும் தட்டாமல் பொத்தானை அழுத்தினாள்.

இருபத்துநாலு கட்டங்கள். ஒன்றிலும் புடவை இல்லை.

கீழ் வரிசையிலிருந்து பார்த்தாள், ஏனென்றால் மேலே பார்க்க முடியவில்லை. கடைசிக் கட்டத்தில் கண்ணாடிக் கூண்டின் கதவு. பூட்டு தொங்கியபடியே, கதவு திறந்து. சேர்த்தது, 3 நிமிடங்களுக்கு முன்பு. அதற்கு முந்தியதில் கீழ்த்தளத் தரை, ஈரமான வெறுங்கால் தடங்கள். அதற்கு முந்தியதில் மாடிப்படியின் முதல் படி. ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் சாம்பல் பூசிய விரல் நுனிகள், ஒரு சிவப்பு இழையைப் பிடித்து, அறுந்துவிடாமல், இழுத்துக்கொண்டு. 2 நிமிடங்களுக்கு முன்பு. ஏழாவது படி. 1 நிமிடத்துக்கு முன்பு. அறை வாசல், பரசுராமனின் குடையிலிருந்து வழிந்த தண்ணீர்.

40 விநாடிகளுக்கு முன்பு. ஒரு நாற்காலியின் முதுகு.

சாம்பல் வாடை.

அவள் திரும்பவில்லை. கழுத்து திரும்பவில்லை.

சர்க்.

மிகச் சின்னச் சத்தம். காய்ந்த கட்டைவிரல் ஆள்காட்டி விரலில் உரசும் சத்தம். சின்ன வயதிலிருந்து கேட்டது. அப்பாவின் தறிக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கிய பகல்களில் எல்லாம் அதுதான் தாலாட்டு.

சர்க். சர்க்.

20 விநாடிகளுக்கு முன்பு. ஒரு பின்னல். காலையில் அவள் போட்டது. ரப்பர் வளையம் அவிழ்ந்திருந்தது.

எழுபது. எழுபதைத் திரும்பப் போட வேண்டும். எண்கள் இருக்கும் பக்கத்துக்குப் போனாள். இரண்டு தடவை தப்பாக அடித்தாள். எழுபது. முப்பது. சேமித்தாள். சேமித்தாயிற்று என்று திரை சொன்னது. மறுபடி தேடினாள்.

அதே படங்கள். அதே வரிசை.

தேடும் பெட்டியைப் பார்த்தாள். அவள் எதையும் தட்டவில்லை. ஆனால் அதில் ஒரு பெயர் இருந்தது.

திலகவதி.

பொருத்தம், நூற்றுக்கு நூறு. புதுமை, நூற்றுக்கு நூறு. இரண்டிலும் முழுசாக இருக்கும் ஒன்றை எந்த எண்ணைப் போட்டும் கீழே இறக்க முடியாது. அப்படித்தான் எழுதியிருந்தாள். அவளே.

முதல் கட்டத்தைப் பார்த்தாள்.

விரித்த கூந்தல், நாற்காலியின் முதுகுக்குப் பின்னால் விசிறி போல. ஒவ்வொரு மயிரின் நுனியும் ஒரு சிவப்புப் பட்டிழையில் முடிந்தது. நாலாயிரத்தில் பாதி. முடிச்சில்லாமல். நேர்த்தியாக. பிணைக்கத் தெரிந்த கை. ஓரத்தில் இன்னும் நாலைந்து மட்டும் மிச்சம், வெளுத்த இரண்டு விரல்களுக்கு நடுவே.

சேர்த்தது, இப்போது.

சர்க்.

கையைப் பின்னால் கொண்டுபோனாள். தொட்டாள். சில்லென்று, விறைப்பாக, ஒரு கம்பி வேலியைத் தொட்டதுபோல். இழைகள் அவள் தலையிலிருந்து கிளம்பி, வாசலைத் தாண்டி, படிகளில் இறங்கி, கீழே இருட்டுக்குள் போயின. விரலை எடுத்து முகத்துக்கு அருகே கொண்டுவந்தாள். சாம்பல்.

எழுந்தாள். எழ முடிந்தது அரை அடி. கையிலிருந்த கைபேசி மேசையில் விழுந்து, வழுக்கி, அந்த ஓரத்துக்குப் போய் நின்றது.

சர்க்.

அப்புறம் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. மிச்சம் எதுவும் இல்லை போல.

கைபேசி ஒளிர்ந்தது. அடிக்கத் தொடங்கியது. பவித்ரா. கையை நீட்டினாள். ஒரு சாண் குறைந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தலைமயிர் வேரோடு தெறிக்கும் வலியில், முன்னால் சாய்ந்தாள். அரைச் சாண். விரல் நுனி கைபேசியின் வெளிச்சத்தைத் தொட்டது.

கீழே, கண்ணாடிக்குப் பின்னால், ஊடையை இறுக்கும் தறிப்பலகை ஒரு முறை அடித்தது.

தலை பின்னால் போனது. ஒரே ஓர் இழை அளவு.

“நாற்பத்தொண்ணு” என்றாள் திலகவதி, அடித்துக்கொண்டிருக்கும் கைபேசியைப் பார்த்து. குரல் வந்தது. யாருக்கும் கேட்கவில்லை. “நாற்பத்தொண்ணாவது பக்கம், பவித்ரா.”

பலகை அடித்தது.

இன்னும் ஓர் இழை.

கைபேசி அடித்து ஓய்ந்தது. திரையில் முதல் கட்டம் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. நாற்காலி. சாய்ந்த நாற்காலி. வாசல் வரை இழுபட்ட நாற்காலி. ஒவ்வொன்றின் கீழும் அதே ஒரு சொல், இப்போது, இப்போது, இப்போது. கீழே பலகை நிதானமாக, அவசரமே இல்லாமல், ஒரு புடவையை நெய்யத் தொடங்கியது.